குகையும் கல்லுடைப்பும்: எழுதா வரலாற்றின் இரு பக்கங்கள்

வரலாறு என்ற சொல்லைக் கேட்டவுடன் அரண்மனையும் கோட்டையும் போர்க்களமும் நம் மனக்கண் முன் தோன்றுகின்றன. மன்னர்கள் ஆண்ட ஆண்டுகளையும் அவர்கள் இட்ட ஆணைகளையும் மாணவர்கள் மனப்பாடம் செய்கின்றனர். ஆனால் மனித குலத்தின் நெடிய வாழ்வில் அரண்மனைக்கு வயது சில ஆயிரம் ஆண்டுகளே. அதற்கும் முன்னர் மழைக்கும் வெயிலுக்கும் விலங்குக்கும் அஞ்சிய மனிதனுக்கு இடம் கொடுத்தது குன்றின் வயிறு. அங்கே அவன் உண்டான், உறங்கினான், ஓவியம் தீட்டினான், இறந்தோரை அடக்கம் செய்தான். பின்னர் அதே குன்றின் மீது உளியை வைத்து, கல்லை வெட்டிக் கொண்டுபோய் வீடும் வீதியும் பாலமும் கட்டினான். குகை மனிதனுக்குக் குன்று தந்த கொடை. கல்லுடைப்போ குன்றிடமிருந்து மனிதன் எடுத்துக்கொண்ட கூலி. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் நாம் வாழும் இந்நாட்டின் வரலாறு நமக்கு முழுமையாகப் புலப்படும்.

தமிழுக்குக் குகை புதியதன்று. அளை, முழை, விடர் எனக் குன்றின் வெடிப்புக்கும் பொந்துக்கும் குகைக்கும் பல சொற்களை நம் முன்னோர் வழங்கினர். குறிஞ்சி நிலத்தைப் பாடிய புலவர்கள் புலி உறங்கும் முழையையும் மழை நனைக்காத அளையையும் கண்ணால் கண்டு பாடியவர்கள். இயற்கையாய் அமைந்தது குகை. மனிதன் உளியால் குடைந்தது குடைவரை. இந்த வேறுபாட்டை மாணவர்க்கு முதலிலேயே தெளிவுபடுத்திவிடுவது நல்லது. பத்துமலை குகை; பல்லவ வேந்தன் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் மண்டகப்பட்டில் செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றிக் குடைவித்த கோயில் குடைவரை.

தமிழாசிரியர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய குகைகள் மதுரையைச் சூழ்ந்துள்ள குன்றுகளில் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று மாங்குளம். 1882ஆம் ஆண்டில் இராபர்ட் சிவெல் என்னும் ஆங்கில அதிகாரி அங்குள்ள கல்வெட்டுகளை உலகுக்கு அறிவித்தார். எழுத்தோ பிராமி, மொழி எதுவென்று நெடுங்காலம் ஐயம் நிலவியது. 1924ஆம் ஆண்டில் கே. வி. சுப்பிரமணிய ஐயர் அம்மொழி தமிழே என எடுத்துக்காட்டினார். 1960களில் ஐராவதம் மகாதேவன் அக்கல்வெட்டில் நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பெயர் இருப்பதைப் படித்துக் காட்டினார். கி.மு. 3 அல்லது 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்குகைகளில் சமணத் துறவியர் தங்கினர். அவர்கள் படுப்பதற்காகத் தரைப்பாறை கற்படுக்கையாகச் செதுக்கப்பட்டது. மழைநீர் உள்ளே வழியாதவாறு நெற்றிப் பாறையில் காடி வெட்டப்பட்டது. அந்தக் காடியை ஒட்டித்தான் தமிழின் மிகப் பழைய எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன.

அக்கல்வெட்டுகளில் துறவியரின் உறைவிடத்தைக் குறிக்கும் சொல் ‘பளி’ என்று வருகிறது. பள்ளி என்று நாம் இன்று வழங்கும் சொல்லின் பழைய வடிவம் அது. படுத்துறங்கும் இடம், துறவியர் வாழிடம், பாடம் கேட்கும் இடம் எனப் பொருள் வளர்ந்து, இன்று நாம் பணியாற்றும் இடத்துக்கு அச்சொல் பெயராயிற்று. ஆதலால், குகையைப் பற்றி ஒரு பள்ளியாசிரியன் எழுதுவதில் வியப்பேதும் இல்லை. நம் தொழிலின் பெயரே குகையின் நெற்றியில் எழுதப்பட்டிருக்கிறது.

இனி நம் மலேசிய மண்ணுக்கு வருவோம். பேராக் மாநிலத்தின் வடபால் லெங்கோங் என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. அங்கே கோத்தா தம்பான் என்னுமிடத்தில் பழங்கால மனிதர் கல்லைத் தட்டிக் கருவிகள் செய்த பட்டறை ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. பட்டடைக் கல்லும், சுத்தியல் கல்லும், உடைந்த சில்லுகளும், பாதியில் கைவிடப்பட்ட கருவிகளும் கிடந்த நிலையிலேயே கிடைத்தன. அவற்றின் மேல் சுமத்திராவின் தோபா எரிமலை கக்கிய சாம்பல் படிந்திருந்தது. அவ்வெரிமலை ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தது. இந்நாட்டின் மிகப் பழைய கல்லுடைப்புத் தளங்களில் ஒன்று எனக் கோத்தா தம்பானைக் கூறினால் அது மிகையாகாது.

அதே பள்ளத்தாக்கிலுள்ள குனோங் ருந்துக் குகையில் 1990–91ஆம் ஆண்டுகளில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் சுரைனா மஜீது தலைமையிலான குழுவினர் ஒரு மனித எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தனர். ‘பேராக் மனிதன்’ என்று அறியப்படும் அவர் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்; நடுத்தர வயதைக் கடந்து, நாற்பதுக்கு மேல் வாழ்ந்தவர். அவருடைய இடக்கை விரல் எலும்புகள் பிறவியிலேயே குறைபாடு உடையவை. அக்கையால் வில்லை வளைப்பதோ பெரிய விலங்கை வேட்டையாடுவதோ எளிதாக இருந்திராது. ஆயினும் அவர் கைவிடப்படவில்லை. அவர் வாழ்ந்த காலத்தில் நாற்பது என்பது முதுமை. அத்துணை ஆண்டுகள் வாழ்ந்த அவரை, இறந்த பின்னர் கால்களை மடக்கிக் குழந்தை கருவில் கிடப்பதுபோல் கிடத்தி, கற்கருவிகளும் சிப்பிகளும் இறைச்சியும் உடன் வைத்து அடக்கம் செய்திருக்கின்றனர்.

இதனை வகுப்பறையில் சொல்லும்போது மாணவர்கள் கண்ணிமையாது கேட்பர். எழுத்தறியாத மக்கள், உழவறியாத மக்கள், உலோகம் அறியாத மக்கள், தம்முள் குறையுடைய ஒருவரைப் பேணி வாழ்வித்து மதிப்புடன் வழியனுப்பினர் என்பதை எந்த ஏடும் நமக்குக் கூறவில்லை. ஒரு குகையின் தரை கூறியது. திறந்த வெளியில் மழையும் வெயிலும் வேரும் கறையானும் அழித்துவிடும் சான்றுகளைக் குகை காத்துவைக்கிறது. லெங்கோங் பள்ளத்தாக்கு 2012ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1958ஆம் ஆண்டில் ஏறத்தாழ 40,000 ஆண்டுப் பழமையுடைய மண்டையோடு கண்டெடுக்கப்பட்ட சரவாக்கின் நியா குகைகளும் 2024ஆம் ஆண்டில் அப்பெருமையைப் பெற்றன.

லெங்கோங்கிலிருந்து தெற்கே வந்தால் கிந்தா பள்ளத்தாக்கு. ஈப்போ நகரைச் சுற்றிச் சமவெளியில் திடீரெனச் செங்குத்தாய் எழுந்து நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளைக் காணாதார் இலர். இவை ஒரு காலத்தில் ஆழமற்ற கடலின் அடியில் உயிரினங்களின் ஓடுகளும் கூடுகளும் படிந்து இறுகியவை. மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அவ்வமிலம் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கிச் சிறிது சிறிதாகக் கல்லைக் கரைக்கிறது. வெடிப்பு வழியாகிறது, வழி கூடமாகிறது. கரைந்த சுண்ணாம்பே பின்னர்க் குகையின் கூரையிலிருந்து சொட்டும்போது மீண்டும் படிந்து தொங்கூசிப் பாறையாகவும் தரையிலிருந்து எழும் தூணாகவும் உருக்கொள்கிறது. ஓர் அங்குலம் வளர நூறாண்டோ அதற்கு மேலோ ஆகும். ஒரு மாணவன் விளையாட்டாய் ஒடித்தெடுக்கும் துண்டு, அவன் பாட்டனின் பாட்டன் காலத்துக்கும் முன்பிருந்து சொட்டுச் சொட்டாய் வளர்ந்தது என்பதை அவனுக்கு உணர்த்த வேண்டும்.

ஈப்போவை அடுத்த தம்புன் குன்றின் பாறைச் சுவரில் செங்காவியால் தீட்டப்பட்ட பழங்கால ஓவியங்கள் உள்ளன. 1959ஆம் ஆண்டில் ஒரு பிரிட்டிஷ் படை அதிகாரி அவற்றைக் கண்டறிந்து அறிவித்தார். பின்னாளைய ஆய்வுகள் அங்கே 600க்கும் மேற்பட்ட உருவங்களைக் கணக்கிட்டுள்ளன. கோப்பேங் அருகிலுள்ள தெம்புரோங் குகையின் ஊடே ஓர் ஆறு குன்றின் ஒரு புறம் புகுந்து மறுபுறம் வெளிப்படுகிறது. ஈயம் தோண்டியோர் விட்டுச் சென்ற தடயங்களும், 1948 முதல் 1960 வரை நிலவிய அவசரகாலத்தை நினைவூட்டும் எழுத்துகளும் அதனுள் காணப்படுகின்றன. 1997ஆம் ஆண்டிலிருந்து பொதுமக்கள் வழிகாட்டியருடன் சென்று பார்க்கும் இடமாக அது விளங்கி வருகிறது. ஒரே குகை மண்ணியல் பாடமாகவும் தொழில் வரலாறாகவும் அரசியல் வரலாறாகவும் அமைந்திருக்கும் விந்தை இது.

கிந்தா உலகப் புகழ் பெற்றது ஈயத்தால். 1880களில் தொடங்கிய வேட்கை, குன்றுகளுக்கு இடைப்பட்ட சமவெளி முழுவதையும் புரட்டிப் போட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகின் ஈயத்தில் பாதிக்கு மேற்பட்டதை மலாயா அளித்தது. நீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்தும், மிதக்கும் ஈயக் கப்பல்களால் சேற்றை வாரியும் ஈயம் எடுத்தனர். 1985ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் ஈய விலை வீழ்ந்ததும் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. பள்ளங்களில் நீர் நிறைந்து ஏரிகளாயின. ஈயம் ஓய்ந்தது, குன்றுகள் ஓயவில்லை. சிமெண்டுக்கும், சலவைக்கல்லுக்கும், சாலைக்கும் சுண்ணாம்புக்கல் தேவைப்பட்டது. சமவெளியைத் தோண்டிய கைகள் குன்றுகளின் பக்கம் திரும்பின.

இக்குன்றுகளில் சீனர் பலர் கோயில் எழுப்பினர். 1926ஆம் ஆண்டில் தோன்றிய பேராக் தோங் குகைக்கோயில் அவற்றுள் பெயர் பெற்றது. நம்மவரும் குனோங் செரோ குன்றின் அடிவாரத்தில் முருகனுக்குக் கோயில் கண்டனர். ஈப்போ மக்கள் அதைக் கல்லுமலைக் கோயில் என்று அன்புடன் அழைப்பர். தைப்பூசத்தின்போது காவடிகள் சேருமிடம் அதுவே. குன்றின் நிழலில் வாழ்வது எப்போதும் இனிமையானதன்று என்பதற்கும் அக்குன்றே சான்று. 1973ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் குனோங் செரோவின் பெரும் பாறைப் பகுதி சரிந்து அடிவாரத்திலிருந்த நீள்வீட்டின் மேல் விழுந்தது. நாற்பது பேர் அளவில் மாண்டனர். சுண்ணாம்புக் குன்று நிலைத்து நிற்பதுபோல் தோன்றினும் உள்ளே ஓயாமல் கரைந்துகொண்டிருப்பது. வாழ இடமின்றி அதன் அடிவாரத்தில் ஒதுங்கிய எளியவரே அதற்குப் பலியாயினர் என்பதை வரலாறு எழுதுவோர் மறத்தல் கூடாது.

பத்துமலையின் கதை நம் அனைவர்க்கும் தெரிந்தது போல் இருப்பினும், முழுமையாகத் தெரிந்தோர் சிலரே. கோயில் எழும் முன்னரே தெமுவான் பழங்குடியினர் அக்குகைகளில் ஒதுங்கினர். 1860களில் சீனக் குடியேறிகள் தம் காய்கறித் தோட்டங்களுக்கு உரமாக வௌவால் எச்சத்தை அங்கிருந்து தோண்டியெடுத்தனர். 1878ஆம் ஆண்டில் அமெரிக்க இயற்கையியலாளர் வில்லியம் ஹார்னடே அக்குகைகளைப் பற்றி எழுதியதால் வெளியுலகம் அறிந்தது. வேலின் வடிவத்தை நினைவூட்டும் குகை வாயிலைக் கண்டு நெகிழ்ந்த கே. தம்புசாமி பிள்ளை 1890ஆம் ஆண்டளவில் அங்கு முருகனை எழுந்தருளச் செய்தார். 1892ஆம் ஆண்டிலிருந்து தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. 1920இல் மரப்படிகள் அமைக்கப்பட்டன. 1940இல் 272 சிமெண்டுப் படிகள் எழுந்தன. 2006ஆம் ஆண்டில் 42.7 மீட்டர் உயரமுடைய முருகன் சிலை திறக்கப்பட்டது.

அப்படிகளில் ஏறுவோரில் எத்தனை பேர் அருகிலுள்ள இருட்குகையை அறிவர்? இரண்டு கிலோமீட்டர் அளவுக்குக் கிளைத்துச் செல்லும் அக்குகையில், உலகில் இன்று வாழும் சிலந்திகளுள் மிகப் பழைய மரபைச் சேர்ந்த பொறிக்கதவுச் சிலந்தி வாழ்கிறது. அறிவியலார் அதற்குப் பத்துமலையின் பெயரையே சூட்டியிருக்கின்றனர். இத்துணை அருமையுடைய குன்றின் மறுபக்கத்தில் பல்லாண்டுகள் வெடிவைத்துக் கல் உடைத்தனர். முருகன் கோயில் மணியோசையும் பாறை பிளக்கும் வெடியோசையும் ஒரே குன்றில் ஒலித்த காலம் அது. மலையை நேசித்தோர் இடைவிடாது குரல் எழுப்பியதன் பயனாக 1980களின் தொடக்கத்தில் அங்குக் கல்லுடைப்பு நிறுத்தப்பட்டது.

இதனால், வழிபாடு இருந்தால் போதும், குகை காக்கப்பட்டுவிடும் என எண்ணிவிடலாகாது. சிமெண்டுத் தளமும், கண்ணைப் பறிக்கும் விளக்கும், புகையும், குப்பையும் குகையின் உயிர்களுக்கு ஊறு செய்வன. தெய்வம் உறையும் இடம் என்று நாம் கைகூப்பும் பாறையை, அப்பாறையின் பொருட்டாகவும் பேணுதல் நம் கடன்.

ஜொகூர் வாசகர்கள், ‘இவை யாவும் வடக்கிலுள்ள செய்திகள், நம் மாநிலத்தில் அத்தகைய குகைகள் இல்லையே’ எனக் கருதலாம். நம் குன்றுகள் பெரும்பாலும் கருங்கல்லால் ஆனவை. கருங்கல் சுண்ணாம்புக்கல்லைப் போல் நீரில் கரைவதில்லை. ஆகவே பெருங்குகைகள் இங்கே அமையவில்லை. எனினும் கல்லுடைப்பின் வரலாறு நம் வாசலிலேயே கிடக்கிறது. ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலத்தை எண்ணிப் பாருங்கள். பாலம் என்று நாம் வழங்கினும், அது கடலுக்குள் கல்லைக் கொட்டி எழுப்பிய 1,056 மீட்டர் நீளமுள்ள கற்கரை. 1919இல் பணி தொடங்கிற்று; 1923இல் தொடர்வண்டி ஓடிற்று; 1924ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் முறைப்படி திறக்கப்பட்டது. அதற்கான கருங்கல் சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்றிலிருந்தும் உபின் தீவிலிருந்தும் வெட்டி எடுக்கப்பட்டது. நாள்தோறும் அதன்மேல் பல்லாயிரவர் வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். தாம் கடப்பது ஒரு குன்றின் உடல் என்பதை எண்ணுவோர் அரியர்.

அக்கல் வெட்டிய இடங்கள் இன்று என்னவாயின? உபின் தீவில் 1999ஆம் ஆண்டோடு கல்லுடைப்பு முடிவுற்றது. பள்ளங்களில் நீர் நிறைந்தது. நாரைகள் கூடு கட்டின. புக்கிட் தீமாவின் பழைய பள்ளங்கள் சிலவும் இயற்கைப் பூங்காக்களாக மாறின. மனிதன் கைவிட்ட காயத்தை இயற்கை பொறுமையோடு ஆற்றுகிறது. ஆனால் ஆறிய காயமும் வடுவை விட்டுச் செல்கிறது. பள்ளம் ஏரியாகலாம், மீண்டும் குன்றாக முடியாது.

இந்த வேறுபாட்டை விளக்க ஒரு சிறு நத்தையின் கதை போதும். பகாங் மாநிலத்தில் குவாந்தான் அருகே புக்கிட் பஞ்சிங் என்றொரு சுண்ணாம்புக் குன்று இருந்தது. அக்குன்றில் மட்டுமே வாழ்ந்த ஒரு நத்தையினம் இருந்தது. சுண்ணாம்புக் குன்று ஒவ்வொன்றும் கடலில் தீவு போன்றது. ஒன்றில் வாழும் சிற்றுயிர் அடுத்ததற்குச் செல்ல இயலாது. கல்லுக்காகக் குன்று முழுவதும் வெட்டி எடுக்கப்பட்டது. குன்றோடு நத்தையும் உலகிலிருந்து மறைந்தது. ஒரு நத்தை போனால் என்ன என்று கேட்பார் கேட்கட்டும். அக்குன்றின் குகைகளில் எந்தப் பேராக் மனிதன் துயின்றிருந்தானோ, எந்த ஓவியன் செங்காவி தீட்டியிருந்தானோ, அக்கேள்விக்கு விடை சொல்லக் குன்று இல்லை.

கல் வேண்டாம் என்று இங்கு வாதிடவில்லை. நாம் வாழும் வீடும், பிள்ளைகள் படிக்கும் பள்ளியும், நோயாளி செல்லும் மருத்துவமனையும் சிமெண்டும் கல்லும் இன்றி எழா. கல்லுடைப்பில் உழைத்து வாழ்ந்த குடும்பங்கள் உண்டு. அவர்தம் உழைப்பு மதிப்புக்குரியது. நம் கேள்வி ஒன்றே: எந்தக் குன்றை உடைக்கலாம், எதனை உடைத்தலாகாது என்பதை உடைப்பதற்கு முன்னரே ஆராய்ந்தோமா? குன்றினுள் என்ன இருக்கிறது என்று பாராமலேயே வெடி வைப்பது, படிக்காமலேயே ஏட்டைத் தீயிலிடுவதற்கு நிகர். பனையோலை ஏடுகள் ஆற்றிலும் அடுப்பிலும் அழிந்ததை எண்ணி இன்றும் வருந்தும் தமிழினத்துக்கு இவ்வுவமையை விளக்கத் தேவையில்லை.

மக்கள் குரலுக்கு வலிமை உண்டு என்பதற்கும் சான்று இருக்கிறது. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் குடைவரைக் கோயிலும் உள்ள குன்றுகள் இருக்கின்றன. 2022ஆம் ஆண்டில் அவ்விடம் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் அப்பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டபோது உழவரும் ஊராரும் திரண்டு எதிர்த்தனர். 2025ஆம் ஆண்டு ஜனவரியில் அவ்வேலம் கைவிடப்பட்டது. கல்வெட்டைப் படிக்கத் தெரிந்த அறிஞர் சிலர். அதனைக் காத்தவரோ அவ்வூரில் ஏர் பிடித்த பலர்.

ஆசிரியராகிய நாம் செய்யக்கூடியவை பெருஞ்செலவு கோருவன அல்ல. வடக்கே சுற்றுலா செல்லும் பள்ளிகள் பத்துமலையோடு நின்றுவிடாமல் லெங்கோங் அருங்காட்சியகத்தையும் கிந்தாவின் குன்றுகளையும் பயணத்தில் சேர்க்கலாம். உரிமமுள்ள வழிகாட்டியின்றி எக்குகைக்குள்ளும் மாணவரை அழைத்துச் செல்லலாகாது. கைவிடப்பட்ட கல்லுடைப்புப் பள்ளங்களின் நீரில் இறங்க அறவே இடந்தரலாகாது. பார்க்கத் தெளிவாகத் தோன்றும் அந்நீர் கரையிலிருந்து ஓரடியிலேயே பேராழம் கொள்வது. பாறையில் பெயர் கீறும் பழக்கத்தை வகுப்பிலேயே கண்டிக்க வேண்டும். பாண்டியன் காலத்து எழுத்தும் நேற்றைய கிறுக்கலும் ஒன்றாகா என்பதை விளக்கிச் சொன்னால் பிள்ளைகள் உணர்வர்.

இவற்றினும் அவசரமான பணி ஒன்றுண்டு. மலாயாவின் பொதுப்பணித் துறையிலும் தொடர்வண்டித் துறையிலும் சாலைக்கும் தண்டவாளத்துக்கும் கல் பரப்பியவருள் பெரும்பாலோர் தென்னிந்தியத் தொழிலாளர். கல்லை உடைத்தவர், சுமந்தவர், கொட்டிச் சமன் செய்தவர் ஆகியோரின் பெயர்கள் எந்தப் பாறையிலும் பொறிக்கப்படவில்லை. அவர்களின் மக்களும் பேரர்களும் நம் பள்ளிகளின் வாசலில் பிள்ளைகளை விட்டுச் செல்கின்றனர். ‘உன் பாட்டனார் என்ன வேலை செய்தார், எந்த மலையில் கல் உடைத்தார், கூலி எவ்வளவு, காயம்பட்டால் யார் பார்த்தார்’ என்று ஒரு மாணவன் கேட்டு நான்கு பக்கம் எழுதி வருவானாயின், அது எந்த நூலகத்திலும் கிடைக்காத ஆவணமாகும். இன்று கேட்காவிடில் நாளை கேட்க ஆளிருக்காது.

பத்தாயிரம் ஆண்டுகளாக ஒரு மனிதனின் கதையைக் குகை காத்துவைத்தது. நம் பாட்டன்மாரின் கதையைக் காக்கக் குகையில்லை. காக்க வேண்டிய பள்ளிகள் இருக்கின்றன. குகையின் நெற்றியிலிருந்து பெயர் பெற்ற பள்ளி, குகை செய்த பணியையும் ஏற்றுக்கொள்ளுமாக!